சொல்லுக்கு முப்பது காசு

மலாயில் வந்த அறிவிப்பு, ஒன்றரைப் பக்கம்.
நாளைக் காலை ஒன்பதுக்குள் தமிழில் வேண்டும்.
அனுப்பியவர் ஃபவ்சான், மரியாதைக்காரர்,
ஒவ்வொரு மின்னஞ்சலையும் நன்றியில் முடிப்பவர்.
சொல்லுக்கு முப்பது காசு.
முதல் வரியிலேயே நிற்கிறது அது:
பெம்பஹாருவான்.

செந்தூலில் ஐந்தாம் மாடி.
மின்விசிறி இரண்டில்தான் ஒழுங்காகச் சுற்றும்,
மூன்றில் வைத்தால் ஆடும்.

மறுமலர்ச்சி என்று எழுதினேன்.
உடனே மேடை போட்டு, மாலை வாங்கி,
தலைமை உரைக்குத் தொண்டையைச் செருமியது சொல்.
அடித்தேன்.

புத்துயிர்.
செத்ததற்கல்லவா அது தேவை?
கீழ்வீட்டுக் குக்கர் அப்போதுதான்
நாலாவது விசில் அடித்தது.
அடித்தேன்.

மீளுருவாக்கம்
லிப்டில் ஏறாத பீரோவைப் போல
வாசலிலேயே குறுக்கே நின்றுவிட்டது.

துளிர்ப்பு என்று எழுதிவிட்டு
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நம் மொழியில் இலை மட்டுமா துளிர்க்கிறது?
மேலுதட்டில் வியர்வை துளிர்க்கும்.
கண்ணோரம், யாரும் பார்க்காதபோது, நீர் துளிர்க்கும்.
கடைசித் தவணை கட்டிய மறுநாள்
இன்னொரு கடனுக்கான ஆசை துளிர்க்கும்.
வெட்டிய இடத்திலேயே துளிர்க்கும்,
வெட்டியவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.
கார் நிறுத்துமிடத்தில்
துணி காயவைக்கும் கயிற்றுக்காக
யாரோ ஊன்றிய அங்சானாக் கட்டை
மூன்றே மாதத்தில் இலைவிட்டு
இப்போது எந்தப் போர்வையையும் காயவிடாமல்
நிழல் தருகிறதே, அப்படி.
இந்தச் சொல்லை முப்பது காசுக்குக் கொடுக்க
மனம் வரவில்லை.
அடித்தேன்.

மிஞ்சியது புதுப்பித்தல்.
அகராதிக்குச் சரி. ஃபவ்சானுக்கும் சரியாக இருக்கும்.
பால் வாங்கக் கீழே போய்த் திரும்பும்போது
லிப்டில் தனபாலன்,
கையில் டாக்சி லைசென்சு, இன்னும் பிளாஸ்டிக் வாசம்.
"புதுப்பிச்சிட்டேன், தங்கச்சி. மூணு வருஷத்துக்குக் கவல இல்ல."
"புதுப்பிக்கிறதுன்னா என்னாண்ணே செய்வாங்க?"
ஒருமாதிரி பார்த்தார்.
மொழிபெயர்த்துச் சம்பாதிப்பவள் கேட்கிற கேள்வியா இது.
"என்னா செய்வாங்க? அதே பேரு, அதே ஐசி நம்பரு,
அதே மூஞ்சி. தேதி மட்டுந்தான் புதுசு."
மூன்றாம் மாடியில் வழக்கம்போல லிப்ட் நின்றது.
கதவு திறந்தது. யாருமில்லை. மூடியது.

மேலே வந்து மறுபடி படித்தேன்.
நான்கு பிளாக்குகள் இருந்த இடத்தில் இரண்டு கோபுரங்கள்.
நீச்சல்குளம். மூலிகைத் தோட்டம்.
நாய்களை நடக்கவிடத் தனிப் பாதை.
தற்போது குடியிருப்போர் என்பது
ஒரே ஒரு தடவை வருகிறது,
காலிசெய்ய வேண்டிய தேதிக்குப் பக்கத்தில்.
பட்டியலில் நாலாவது பிளாக் எங்களுடையது.
தேதி புதிது.
பேரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்,
அடிக்குறிப்பு வரைக்கும்.

ஃபவ்சானுக்கு எழுதினேன்:
தமிழில் புதுப்பித்தல் என்றால்
பழைய பெயரிலேயே தொடர்வது என்றும் ஒரு பொருள் உண்டு.
உங்கள் வாக்கியத்தில் அது பொருந்துமா?
பத்து நிமிடத்தில் பதில்:
எது பழக்கமோ அதையே போடுங்கள். நன்றி.

இடிப்பு என்று தட்டச்சு செய்தேன்.
திரையில் அது எவ்வளவு சின்னதாக இருந்தது.
நான்கே எழுத்து.
அழித்துவிட்டு
புதுப்பித்தல் என்றே அனுப்பிவைத்தேன், மணி எட்டு ஐம்பத்திரண்டு.
வாடகை ஏழாம் தேதி.

பில்லில் நானூற்றுப் பதினொரு சொல்,
நூற்று இருபத்து மூன்று வெள்ளி முப்பது காசு.
அனுப்பியதில் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது.
அவர்கள் எண்ணிப் பார்க்கமாட்டார்கள்.

கழுத்தில் வியர்வை துளிர்த்திருந்தது.
மின்விசிறியை மூன்றில் வைத்தேன்.
ஆடியது.